நிவாரண முகாமில் பெயர்ப் பதிவு: முதன்முறை மேசையில் உட்காருபவருக்கு

வெள்ளமோ நிலநடுக்கமோ காட்டுத்தீயோ, முகாம் திறந்த முதல் சில மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு நோட்டைக் கையில் திணித்து, "வர்றவங்க பேரை எழுதிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவார். அப்படி நோட்டு வாங்கியவருக்காக எழுதுவது இது. மீட்புக்கும் மருத்துவத்துக்கும் பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பெயர் எழுத என்ன பயிற்சி என்றுதான் கேட்பார்கள். மூன்றாம் நாள் வேறொரு முகாமிலிருந்து ஒரு தாய் மகனைத் தேடி வரும்போது, முதல் நாள் அந்த நோட்டில் எழுதியதை வைத்துத்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும்.

உங்களிடம் வரும் கேள்விகள் மூன்று வகை. இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்? யார் யார் இருக்கிறார்கள்? யாரை யார் தேடுகிறார்கள்? சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் முதல் கேள்வியின் பதிலை நம்பி நடக்கின்றன. அதற்குத் தலை எண்ணிக்கை போதும், பெயர் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் பெயர் வேண்டும், அதுவும் சரியாக வேண்டும். மூன்றையும் ஒரே பட்டியலில் அடைக்கப் பார்த்தால் மூன்றுமே கெடும். உணவுப் பொட்டலக் கணக்கையும் ஆள் பதிவையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். பொட்டலம் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது என்று தெரிந்தால், வராதவர் பெயரும் அதில் ஏறும். பசியோடு இருப்பவர் அப்படிச் செய்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிப் போகும் உறவினரை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு பட்டியலைத் தொடங்கும் முன்

பேனாவைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி: இந்தப் பதிவு யாருடைய பொறுப்பு? அரசு அலுவலரா, செஞ்சிலுவைச் சங்கமா, முகாமை நடத்தும் அமைப்பா? பெரும்பாலான இடங்களில் ஏதோ ஒரு படிவம் ஏற்கெனவே இருக்கும். அது மோசமான படிவமாகவே இருந்தாலும் அதையே பயன்படுத்துங்கள். பத்துப் பேர் பத்து அருமையான படிவங்களோடு வேலை செய்தால் அவற்றை யாராலும் ஒன்றுசேர்க்க முடியாது.

2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தபோது நடந்தது அதுதான். செய்தி நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், தனிநபர்கள் என்று ஆளாளுக்கு ஒரு தேடல் பட்டியலை இணையத்தில் திறந்தார்கள். அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி இன்னொன்றிலும் இருக்க, இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பதிவுகளைக் கையாலேயே தட்டச்சு செய்து ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அந்த வேலையிலிருந்து பிறந்த பொது வடிவம்தான் பிஎஃப்ஐஎஃப். வெவ்வேறு பட்டியல்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான இந்த வடிவத்தைத்தான் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது வந்த, காணாமல் போனோரைத் தேடும் இணையச் சேவையான கூகுள் பெர்சன் ஃபைண்டரும் எடுத்துக்கொண்டது. உங்கள் கையில் இருப்பது காகித நோட்டுதான் என்றாலும் அதன் அமைப்பிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. கீழே வருகிறேன்.

மேசையும் நோட்டும்

காகிதத்திலேயே தொடங்குங்கள். மின்சாரமும் செல்போன் சிக்னலும் எப்போது திரும்பும் என்று தெரியாத இடத்தில், கணினியில்தான் பதிவோம் என்று அடம்பிடிப்பவர்களை நான் நம்புவதில்லை. பக்கங்களுக்கு எண் போட்ட, தைத்துக் கட்டிய நோட்டு நல்லது. தனித்தாள்கள் காற்றில் பறக்கும், மழையில் நனையும், யார் கையிலாவது போய்விடும். கார்பன் தாள் கிடைத்தால் இரண்டு பிரதியாக எழுதுங்கள்.

ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுங்கள். பக்கத்து முகாமிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் எண்ணுவார்கள் என்பதால், முன்னால் உங்கள் முகாமின் குறியீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குத் தனியாக ஓர் எண் வேண்டும். ஐந்து பேர் வந்தால் ஐந்து ஆள் எண்கள், ஒரு குடும்ப எண். "குடும்பத் தலைவர் மற்றும் நால்வர்" என்று ஒரே வரியில் எழுதுவது வேகமாக இருக்கும். ஆனால் அந்த நால்வரில் ஒருவரை யாராவது தேடி வந்தால், அவர் உங்கள் நோட்டில் இல்லை.

பேனாவால் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அடித்தது படிக்கக்கூடியதாகவே இருக்கட்டும்.

என்ன கேட்பது

முழுப்பெயர், வேறு கூப்பிடும் பெயர், வயது, பாலினம், தாய் தந்தை பெயர், பேரிடருக்கு முன் வசித்த முகவரி, தொலைபேசி எண், வந்த நாளும் நேரமும். இவ்வளவும் எந்தப் படிவத்திலும் இருக்கும். தொலைபேசி எண் கேட்கும்போது, பாதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் கேளுங்கள். இவருடைய செல்போன் நாளைக்கே சார்ஜ் இல்லாமலோ தொலைந்தோ போகலாம். தூரத்தில் இருக்கும் அக்காவின் எண் வேலை செய்யும். குடும்பத்தில் பிரிந்துபோன எல்லோரும் கடைசியில் அந்த ஒரு எண்ணைத்தான் அழைப்பார்கள்.

படிவத்தில் பெரும்பாலும் இல்லாத இரண்டு கேள்விகளையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். "உங்களோடு வர வேண்டியவர்களில் யார் வரவில்லை?" "அவர்களைக் கடைசியாக எங்கே, எப்போது பார்த்தீர்கள்?" வந்தவர்களை எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். வராதவர்களின் பெயர் முதல் நாளே பதிவானால் தேடல் அப்போதே தொடங்கிவிடும். நினைவும் அன்றைக்குத்தான் தெளிவாக இருக்கும். நான்கு நாள் கழித்துக் கேட்டால், தான் பார்த்ததும் பிறர் சொன்னதும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

மதம், இனம், அரசியல் சார்பு, குடியுரிமை நிலை இவற்றைக் கேட்காதீர்கள். யாரையும் கண்டுபிடிக்க இவை உதவாது. தவறான கைக்குப் போனால் ஆளுக்கே ஆபத்து. அடையாள அட்டை இல்லாதவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வீடு போனவரிடம் காகிதம் இருக்கும் என்று எதிர்பார்ப்பதே முறையில்லை. அட்டை இருந்தால் "பார்த்தேன்" என்று குறித்துக்கொள்ளுங்கள், எண்ணை எழுதத் தேவையில்லை.

மருத்துவத் தேவையைக் கேட்கலாம், ஆனால் தனித்தாளில் எழுதி மருத்துவக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். பொது நோட்டில் ஒருவரின் நோய் இருக்கக் கூடாது.

ஒப்புதலை அவர் எழுந்து போகும் முன் கேட்டுவிடுங்கள். "உங்களைத் தேடி யாராவது வந்தால் நீங்கள் இங்கே இருப்பதைச் சொல்லலாமா? யாருக்காவது சொல்லக் கூடாதா?" இரண்டாவது கேள்வியை விடாதீர்கள். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்தவரும் மிரட்டலுக்குப் பயந்து ஊரை விட்டவரும் முகாமில் இருப்பார்கள். வெள்ளம் அவர்களுடைய பழைய பயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடாது.

பெயர் என்ற பெரிய தலைவலி

இந்த வேலையில் அதிகம் சறுக்கும் இடம் பெயர்தான். ஒருவர் தன் பெயரைச் சொல்வது ஒரு விதம், அட்டையில் இருப்பது ஒரு விதம், அவரைத் தேடுபவர் சொல்வது மூன்றாவது விதம். முகமது என்ற ஒரே பெயர் மொஹம்மத், முஹம்மத், மெஹ்மெத் என்று நாட்டுக்கு நாடு, எழுத்துக்கு எழுத்து மாறும். சிலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, சிலருக்கு இரண்டு உண்டு. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவரைச் சிறுவயதுத் தோழி பழைய பெயரில்தான் தேடுவாள்.

அதனால், அவர் எந்த எழுத்தில் தன் பெயரை எழுதுவாரோ அந்த எழுத்திலேயே அவரையே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் காதில் விழுந்தபடி எழுதி, திரும்பப் படித்துக் காட்டுங்கள். பிழையாகத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். தேடும் வசதிக்காக இன்னொரு எழுத்தில் பெயர்த்து எழுதினால், அதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். மூலப்பெயரின் மேலேயே எழுதக் கூடாது.

தேடும்போது எழுத்தை விட ஒலியை நம்புங்கள். ஜெர்மனியின் பாத் அரோல்சனில் இரண்டாம் உலகப்போரில் காணாமல் போனவர்களைத் தேடுவதற்காக உருவான ஆவணக்காப்பகத்தில், சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய 5 கோடி அட்டைகள் இருக்கின்றன. அவற்றை வெறும் அகரவரிசையில் அடுக்கவில்லை. ஒலி ஒற்றுமையையும் சேர்த்து அடுக்கினார்கள். ஒரே குடும்பப்பெயரை ஐந்து நாட்டு எழுத்தர்கள் ஐந்து விதமாக எழுதியிருந்தார்கள், வேறு வழி இல்லை. உங்கள் சிறிய நோட்டுக்கும் இதே தந்திரம் செல்லும். "இப்படி ஒலிக்கும் பெயர் ஏதாவது இருக்கிறதா?" என்று மனதில் ஓட்டியபடியே தேடுங்கள்.

பெயர் மட்டும் ஒத்துப்போனால் இருவரும் ஒரே ஆள் என்று முடிவுகட்டாதீர்கள். பெயர், தாய் தந்தையரில் ஒருவர் பெயர், பழைய முகவரி, வயது ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும் என்று நான் வைத்துக்கொள்வேன். வயதில் இரண்டு மூன்று வருடம் முன்பின் இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாதவர்கள் நிறைய உண்டு. குத்துமதிப்பு வயது என்றால் அதை அப்படியே குறியுங்கள்.

அழிக்காதீர்கள், கீழே சேருங்கள்

மேலே சொன்ன பிஎஃப்ஐஎஃப் வடிவத்தில் எனக்குப் பிடித்த விஷயம் இது. அதில் ஒரு மனிதருக்கு ஒரு அடிப்படைப் பதிவு உண்டு. பெயர், முகவரி போன்று மாறாதவை அதில் இருக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செய்தியும் தனிக் குறிப்பாக அதன் கீழே சேரும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற விவரத்தோடு. பழைய குறிப்பைப் புதிய குறிப்பு அழிக்காது. இரண்டும் முரண்பட்டாலும் இரண்டும் இருக்கும்.

ஏன் இப்படி? பேரிடர் நேரத்தில் உங்களிடம் வருவதெல்லாம் ஒருவர் சொன்ன சொல்தான். காலையில் ஒருவர் "அவரைப் பள்ளிக்கூட மாடியில் பார்த்தேன்" என்கிறார். மதியம் இன்னொருவர் "அவரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்" என்கிறார். மதியச் செய்தி புதியது என்று காலைச் செய்தியை அடித்துவிட்டால், கண்ணால் பார்த்த சாட்சியை வதந்திக்காகத் தூக்கி எறிந்ததாகிவிடும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் "பார்த்தார்", "பேசினார்", "கேள்விப்பட்டார்" என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் பின்னால் எவ்வளவோ உதவும்.

அந்த வடிவத்தில் ஆளின் நிலையைக் குறிக்க ஐந்து வகைகள்தான் உண்டு: தகவல் தேவை, நானே அந்த ஆள், உயிருடன் இருப்பதாக நம்புகிறேன், காணவில்லை என நம்புகிறேன், இறந்துவிட்டதாக நம்புகிறேன். உறுதியாகப் பேசும் வகை ஒன்றே ஒன்று, அதுவும் அந்த ஆளே வந்து சொன்னால் மட்டும். "தகவல் தேவை" போக மற்ற மூன்றிலும் "நம்புகிறேன்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் நோட்டிலும் அப்படியே வையுங்கள். இறப்பை அறிவிப்பது உங்கள் வேலையே இல்லை. அதற்கு அதிகாரம் உள்ளவர் உடலை அடையாளம் கண்டு உறுதிசெய்த பின், குடும்பத்துக்கு நேரில் சொல்லப்பட வேண்டும். பதிவு மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது யாருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரக் கூடாது.

வாசலில் இன்னொரு மேசை

முகாமுக்கு வருபவர் எல்லோரும் பதிவு செய்துகொள்வார்கள். பாய், போர்வை, சாப்பாடு எல்லாம் அங்கேதானே. கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. மைத்துனர் வண்டியோடு வந்து நிற்பார், ஏறிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வாரம் கழித்து உங்கள் நோட்டில் ஐந்நூறு பேர் இருப்பார்கள், மண்டபத்தில் இருநூறு பேர்தான் படுத்திருப்பார்கள். மற்ற முந்நூறு பேரைத் தேடி வருபவர்களுக்கு நீங்கள் தருவது காலாவதியான பதில்.

ஆகவே வெளியேறும் வாசலில் இரண்டாவது மேசை போடுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் வரவு மேசையில் ஒருவரைக் குறைத்தாவது அங்கே உட்கார வையுங்கள். கேட்க வேண்டியது மூன்றே விஷயங்கள்: எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, அங்கே உங்களைப் பிடிக்க எந்த எண். குடும்பம் முழுவதும் போகிறதா, சிலர் மட்டுமா என்பதையும் குறியுங்கள். வீட்டைப் பார்த்துவரப் பகலில் கிளம்பும் ஆண்கள், மாலையில் திரும்பி வருவார்கள். அவர்களை வெளியேறியவர்களாகக் கணக்கெடுத்துவிடாதீர்கள்.

மக்களை மேசைக்கு வரவைக்கக் கெடுபிடி பயன்படாது. கிளம்புபவருக்கு வழிச்செலவுக்கு ஏதாவது, இல்லையென்றால் குடிநீராவது அந்த மேசையில் கிடைக்கும் என்றால் அவர்களே வருவார்கள். "உங்களைத் தேடி வருபவர்களுக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நின்று, யோசித்துப் பதில் சொல்வார்கள்.

தினமும் இரவு எல்லோரும் படுத்த பிறகு ஒரு தலை எண்ணிக்கை எடுங்கள். நேற்றைய எண்ணிக்கையோடு இன்று வந்தவர்கள், பிறந்தவர்களைக் கூட்டி, போனவர்கள், இறந்தவர்களைக் கழித்தால் வரும் எண்ணும் இரவில் எண்ணியதும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்காது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் எழுதுங்கள். அது தினமும் ஒரே பக்கம் வளர்ந்தால் வாசலில் ஏதோ ஓட்டை என்று அர்த்தம். சாப்பாட்டு நேரத்தில் எண்ணினால் வேறு எண் வரும், ஏனென்றால் பக்கத்தில் உறவினர் வீட்டில் படுத்துக்கொண்டு சாப்பிட மட்டும் வருபவர்களும் உண்டு. இரண்டு எண்களும் தேவைதான், ஆனால் எது எந்த எண் என்று எழுதியிருக்க வேண்டும்.

முகாமுக்கே வராமல் உறவினர், நண்பர் வீடுகளில் தங்குபவர்கள் பெரும்பாலும் யார் கணக்கிலும் வருவதில்லை. அவர்களை ஒவ்வொருவராகப் பதிவது நடக்காத காரியம். பன்னாட்டுப் புலம்பெயர்வு அமைப்பான ஐஓஎம் 2004இல் இராக்கில் தொடங்கிப் பின் பல நாடுகளில் நடத்திவரும் இடப்பெயர்வுக் கண்காணிப்பில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் விஷயம் தெரிந்த சிலரை, அதாவது ஊர்ப் பெரியவர், ஆசிரியர், மருத்துவப் பணியாளர் போன்றவர்களைப் பிடித்து, இங்கே எத்தனை குடும்பங்கள் வந்திருக்கின்றன, எங்கிருந்து என்று குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்பது. தனி ஆளைத் தேட அது உதவாது. மக்கள் எந்தத் திசையில் நகர்கிறார்கள் என்பது தெரியும், அடுத்த லாரியை எங்கே அனுப்புவது என்பதும் தெரியும்.

தனியாக வந்த குழந்தைகள்

இங்கே அவசரம் கூடாது. பெரியவர் யாருமே உடன் இல்லாத குழந்தை ஒரு வகை. பெற்றோரைப் பிரிந்து, சித்தி, தாத்தா என்று வேறு உறவினரோடு வந்த குழந்தை இன்னொரு வகை. இரண்டாவது வகையைப் பலர் பதியாமலே விட்டுவிடுவார்கள், பெரியவர்தான் கூட இருக்கிறாரே என்று. அந்தக் குழந்தையின் பெற்றோரும் எங்கோ தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். இருவகையையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அன்றைக்கே குழந்தைகள் நலப் பொறுப்பாளரிடம் சேருங்கள்.

சின்னக் குழந்தைக்கு அம்மா பெயர் "அம்மா"தான். ஆகவே வேறு மாதிரி கேளுங்கள்: அம்மாவை மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள், வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கும், வீட்டில் நாய் உண்டா, பள்ளிக்கூடச் சட்டை என்ன நிறம். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், நீங்கள் அர்த்தப்படுத்தி எழுத வேண்டாம். எங்கே, யார் கண்டெடுத்தது, என்ன உடை, உடலில் என்ன அடையாளம் என்று குறியுங்கள். உடையை மாற்றுவதற்கு முன் ஒரு ஃபோட்டோ எடுத்துவிடுங்கள். உடன்பிறந்தவர்களை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்.

"நான்தான் மாமா, கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று வருபவரிடம் குழந்தையைக் கொடுக்கும் அதிகாரம் பதிவு மேசைக்குக் கிடையாது. பெரியவர் சொல்வதைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள், குழந்தை சொல்வதைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள், ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுப்பாளர் பார்க்கட்டும். உண்மையான மாமாவுக்கு இது கோபத்தைக் கிளப்பும். கிளப்பட்டும். குழந்தையின் முகமும் அது இருக்கும் இடமும் சேர்ந்த படத்தைப் பொதுவெளியில் போடவே கூடாது, நல்ல எண்ணத்தில் வாட்ஸ்அப்பில் பகிர்வதும் சேர்த்தியே. கத்ரீனாவிலும் அடுத்து வந்த ரீட்டா புயலிலும் பிரிந்ததாகப் புகார் வந்த குழந்தைகள் 5,000 பேருக்கும் மேல். கடைசிக் குழந்தையின் கோப்பை மூட ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் நாள் குறிப்புகள் அவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

தேடுவோர் பட்டியல்

தேடி வருபவருக்குத் தனி நோட்டு. தேடப்படுபவரின் விவரங்களோடு, தேடுபவரின் பெயர், உறவு, தொடர்பு எண் மூன்றும் கட்டாயம். தேடுபவரின் எண் இல்லாத விசாரணையை மூடவே முடியாது.

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ எரித்தபோது, காணாமல் போனோர் பட்டியல் ஒரு கட்டத்தில் 1,200 பெயர்களைத் தாண்டியது. கடைசியில் இறந்தவர்கள் 85 பேர். ஒரே ஆள் இரண்டு மூன்று எழுத்துக்கோர்வையில் ஏறியிருந்தார். பலர் உறவினர் வீட்டில் பத்திரமாக இருந்தார்கள், தங்களை யாரோ தேடுவதே அவர்களுக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா தீக்குப் பிறகு, சரிபார்த்த 388 பெயர்களை அதிகாரிகள் வெளியிட்டார்கள். ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி, "நான் இருக்கிறேன்", "அவர் இருக்கிறார்" என்று தகவல் வந்தது. பட்டியல் பயங்கரமாக நீளும்போது பதறாதீர்கள். தினமும் அதைச் சுத்தம் செய்ய ஓர் ஆளை ஒதுக்குங்கள்.

அவருடைய வேலை இப்படி: காலையில் விசாரணை நோட்டையும் வரவு நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். முதலில் பெயரால், அப்புறம் பழைய முகவரியால், அதன்பின் தொலைபேசி எண்ணால். முகவரியால் தேடும்போதுதான் பெயர் பிழையாக எழுதப்பட்டவர்கள் அகப்படுவார்கள். பொருந்துகிறது என்று தோன்றினால், தேடுபவரை உடனே அழைக்கக் கூடாது. முதலில் முகாமில் இருப்பவரிடம் போய், இன்னார் தேடுகிறார், சொல்லலாமா என்று கேட்க வேண்டும். சரி என்றால் அவர் கையிலேயே ஃபோனைக் கொடுத்துவிடுங்கள், அவர் பேசட்டும். வேண்டாம் என்றால் தேடுபவரிடம் "தகவல் தர இயலாது" என்று மட்டும் சொல்லுங்கள். யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒப்புதல் வரும்வரை இதே வாசகம்தான் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பதிலிலிருந்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டால் விசாரணையை மூடியதாகக் குறித்து, அதே ஆளுக்காக வந்த மற்ற விசாரணைகளையும் தேடி மூடுங்கள்.

உள்ளூரில் முடியாதவற்றைச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் குடும்பத் தொடர்பு மீட்புப் பணிக்கு அனுப்பலாம். இந்த வேலையில் அவர்களுக்கு நீண்ட பழக்கம். 1914இல் ஜெனீவாவில் தொடங்கிய போர்க்கைதிகள் முகமையில் மட்டும் 70 லட்சம் அட்டைகள் எழுதினார்கள். எல்லை தாண்டிப் போனவர்களைத் தேட இதைவிட நல்ல வலையமைப்பு இல்லை. உறவினரின் கதி என்ன என்று தெரிந்துகொள்வது நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவரின் உரிமை என்று 1998ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஏதாவது அலுவலகம் "இது எங்கள் வேலை இல்லை" என்று கைவிரித்தால் அதை நினைவூட்டலாம்.

எதைச் சுவரில் ஒட்டலாம்

2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது முகாம்களின் சுவர்களில் கையெழுத்துப் பட்டியல்கள் ஒட்டப்பட்டிருந்தன. மக்கள் அவற்றை ஃபோட்டோ எடுத்து இணையத்தில் ஏற்ற, எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்தார்கள். கூகுள் பெர்சன் ஃபைண்டரில் சேர்ந்த பதிவுகள் 6 லட்சத்தைத் தாண்டின. எத்தனையோ குடும்பங்களுக்கு அது பேருதவி. அதே சமயம், சுவரில் ஒட்டிய தாள் ஒன்று உலகம் முழுவதும் படிக்கக்கூடிய தாளாக மாற ஒரு செல்போன் போதும் என்பதையும் அது காட்டியது. சுவரில் ஒட்டுவதை இணையத்தில் போடுவதாகவே நினைத்து முடிவெடுங்கள்.

ஒப்புதல் தந்தவர்களின் பெயரும், எந்த எண்ணைச் சொல்லி மேசையில் கேட்க வேண்டும் என்பதும் போதும். படுக்கும் இடம், தொலைபேசி எண், தனியாக இருக்கும் பெண் என்று தெரியவைக்கும் விவரம், குழந்தைகளின் பெயர் இவை எதுவும் வேண்டாம்.

நோட்டையும் பூட்டி வையுங்கள். 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளுக்குள் யாரோ ஊடுருவினார்கள். குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் அதே பணிக்காகத் திரட்டிய 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அதில் சிக்கின. அவ்வளவு பெரிய அமைப்புக்கே அந்த நிலை என்றால், மேசை இழுப்பறையில் கிடக்கும் பென்டிரைவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்கு ஏற்றும்போது

சில நாட்களில் கணினி வரும். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற படிவச் செயலிகள் இணைப்பு இல்லாமலே செல்போனில் பதிந்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானா மென்பொருளில் முகாம் பதிவேடும் காணாமல் போனோர் பதிவேடும் உண்டு. எதுவும் இல்லையென்றால் எக்செல் போதும். ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு கட்டத்தில் ஒரு விவரம், நோட்டில் கொடுத்த எண் முதல் நெடுவரிசையில். கட்டங்களை இணைக்காதீர்கள், நிறத்தை வைத்து அர்த்தம் சொல்லாதீர்கள், கோப்பைத் திறந்தவர் கணினியில் நிறம் தொலைந்தால் அர்த்தமும் தொலையும். தேதியை எல்லோரும் ஒரே முறையில் எழுதுங்கள். 3/4 என்றால் ஒருவருக்கு ஏப்ரல், இன்னொருவருக்கு மார்ச். தட்டச்சு செய்பவர் காகிதத்தில் உள்ள பிழையைத் தானே திருத்தக் கூடாது, குறிப்பாகச் சேர்க்கலாம். காகித நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மேசையைக் கைமாற்றும்போது

உங்கள் முறை முடிந்து இன்னொருவர் உட்காரும்போது சேர்ந்து பத்து நிமிடம் செலவிடுங்கள். மூடாத விசாரணைகள், இன்று பொருந்துவதாகத் தோன்றி இன்னும் கேட்கப்படாதவை, யாருக்குச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர்கள் ஆகியவற்றை வாயாலும் சொல்லுங்கள், ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

முகாமை மூடும் நாள் இன்னும் முக்கியம், ஆனால் அன்றைக்குப் பெரும்பாலும் கூடாரங்களையும் பாத்திரங்களையும்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். மூடுவதற்கு மூன்று நாள் முன்பே ஒவ்வொரு குடும்பமும் எங்கே போகப் போகிறது என்று கேட்டு எழுதத் தொடங்குங்கள். மூடிய பிறகும் விசாரணைகள் வரும், ஆகவே பதில் சொல்லப்போகும் அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை முகாம் வாசலில் எழுதி ஒட்டுங்கள். நோட்டுகள், கார்பன் பிரதிகள், கணினிக் கோப்புகள் அனைத்தையும் பொறுப்புள்ள ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்ற தேதியும் அந்த ரசீதிலேயே இருக்கட்டும். உங்கள் செல்போனில் நீங்கள் எடுத்த பட்டியல் படங்களை, ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் முன் அழித்துவிடுங்கள்.